வெளிநாட்டில் உடன் படித்தவருக்கு விருது: வாழ்த்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர் என்று இந்தச் செட்டிநாட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா போய்ப் படித்தவர்கள் நிறையப் பேர். அங்கே கூடப் படித்த ஒருவருக்கோ, முன்பின் வருடங்களில் அதே பல்கலைக்கழகத்தில் படித்த நம் ஊர்க்காரருக்கோ விருது கிடைக்கிறது. சந்தோஷத்துக்குக் குறைவில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. எப்படி அழைப்பது, பெயருக்கு முன்னால் என்ன போடுவது, விழா எடுக்கலாமா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகம் வருகிறது. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும் கீழே.

வாழ்த்துக் கடிதத்தில் என்னதான் எழுதுவது?

விருதுக் குழுவுக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும். அதை எழுதுங்கள்.

அறிவிப்பில் வருவது முடிந்த வேலை. அந்த வேலை நகராமல் கிடந்த நாட்களைப் பார்த்தவர் கூடப் படித்தவர்தான். நள்ளிரவிலும் லேபில் விளக்கு எரிந்தது, உதவித்தொகை தாமதமான மாதத்தை ரசத்தையும் அப்பளத்தையும் வைத்து ஓட்டியது, முதல் கட்டுரை திரும்பி வந்தபோது ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்தது, இதெல்லாம் வீட்டுக்குக்கூடத் தெரியாது. கவலைப்படுவார்கள் என்று போனில் சொல்லியிருக்க மாட்டார். அப்படி ஒரே ஒரு சம்பவத்தை இரண்டு மூன்று வரியில் எழுதுங்கள். பிறகு, எதற்காக விருது என்பதை அறிவிப்பில் நிதானமாகப் படித்துவிட்டு, அதையும் இந்தச் சம்பவத்தையும் சேர்த்து ஒரு வரி. கடிதம் முடிந்தது.

மாதிரிக்கு ஒன்று. பேட்டரி ஆராய்ச்சிக்கு விருது வாங்கிய சீனியருக்கு ஒரு ஜூனியர் எழுதுவது:

"அண்ணனுக்கு வணக்கம். விருதுச் செய்தியை நேற்று ராத்திரி பார்த்தேன். ரொம்பச் சந்தோஷம். நான் லேபில் சேர்ந்த அந்தக் குளிர்காலத்தில் உங்கள் செல் ஒன்றுகூட ஐம்பது சார்ஜ் சுற்றுக்கு மேல் தாங்கவில்லை. தலைப்பை மாற்றிவிடச் சொல்லி எல்லாரும் சொன்னார்கள். நீங்கள் செத்துப்போன செல்லை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே படிந்திருந்ததைப் பென்சிலால் நோட்டில் வரைந்துகொண்டிருந்தீர்கள். செல் சிதைவதற்கான காரணத்தைக் கண்டுபிடித்ததற்காக விருது என்று அறிவிப்பில் பார்த்ததும் எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஆத்தாவிடம் சொல்லிவிட்டீர்களா? பதில் எழுத அவசரமே இல்லை."

இவ்வளவுதான். இதில் ‘தமிழினத்துக்கே பெருமை’ இல்லை, ‘செட்டிநாட்டின் சிகரம்’ இல்லை. அவற்றை மேடைக்கு வைத்துக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரியை உங்கள் கடிதத்தில் விடாதீர்கள்.

இன்னொன்று. வேலைக்குச் சிபாரிசு, பையனுக்கு அட்மிஷன், கட்டுரையைப் பார்த்துத் தரச் சொல்வது எதையும் இந்தக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம். தேவை நியாயமானதாகவே இருக்கலாம். அதை வேறொரு மாதத்தில் தனிக் கடிதமாக எழுதுங்கள். வாழ்த்தின் கடைசிப் பத்தியில் உதவி கேட்டால் மேலே எழுதிய அத்தனையும் அதற்காகத்தான் என்று ஆகிவிடும்.

வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரோடும் சேர்ந்து ஒரு வரி போட்டால் போதாதா?

போடுங்கள், தவறில்லை. ஆனால் அதைத் தனிக் கடிதத்துக்குப் பதிலாக வைத்துக்கொள்ளாதீர்கள். குரூப்பில் நூறு பூங்கொத்துப் படங்களுக்கு நடுவில் உங்கள் பெயரை அவர் கவனிக்கவே மாட்டார்.

அவரை எனக்கு நேரில் தெரியாது. ஒரே பல்கலைக்கழகம், ஒரே ஊர்ப்பக்கம், அவ்வளவுதான். எழுதலாமா?

எழுதலாம். அளவாக எழுதுங்கள்.

2009-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கி ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர். பரோடாவில் பட்டப்படிப்பு, அமெரிக்காவில் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். பரிசு அறிவித்த சில நாட்களிலேயே, இந்தியாவிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் மின்னஞ்சல்கள் பெட்டியை அடைத்துக்கொள்கின்றன, அவற்றை நீக்கவே ஒன்றிரண்டு மணி நேரம் ஆகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். பல வருடங்களாகத் தொடர்பே இல்லாதவர்களுக்குத் திடீரென்று உறவாடத் தோன்றியதையும் குறிப்பிட்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பாடம் நடத்தியதாகச் சிலர் சொல்லிக்கொண்டார்கள். அவரோ மூன்று வயதிலேயே சிதம்பரத்தை விட்டுப் போனவர். நம் ஆட்களில் பலருக்கு அப்போது அவர் மேல் வருத்தம். எனக்கு அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. அந்த வாரத்தில் ஒரு மனிதருக்குக் கிடைக்கிற நேரம் எவ்வளவு என்று நாம் யோசிக்க வேண்டும்.

ஆகவே அறிமுகமில்லாதவருக்கு நான்கு வரி போதும். மின்னஞ்சலின் தலைப்பிலேயே பல்கலைக்கழகத்தின் பெயரையும் நீங்கள் படித்த வருடத்தையும் போட்டுவிடுங்கள். முதல் வரியில் நீங்கள் யார், எந்தத் துறை, எந்த ஊர். அடுத்து, அவர் வேலையில் உங்களுக்குப் புரிந்த ஒன்று. கடைசியில், பதில் வேண்டியதில்லை. படம், காணொளி எதையும் இணைக்க வேண்டாம். இல்லாத பழக்கத்தை இருப்பதுபோல எழுதவே கூடாது. ‘நாம் அந்தக் கூட்டத்தில் சந்தித்தோமே’ என்று அரைகுறை ஞாபகத்தில் எழுதினால், அவர் உட்கார்ந்து யார் யார் என்று யோசிப்பார், பாவம்.

எப்படி அழைப்பது? அண்ணன் என்பதா, டாக்டர் என்பதா, சார் என்பதா?

படித்த காலத்தில் எப்படி அழைத்தீர்களோ அப்படியே. அண்ணன் என்று கூப்பிட்டவரை விருது கிடைத்த மறுநாள் ‘மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு’ என்று எழுதினால் அவருக்குச் சங்கடமாக இருக்கும், நீங்கள் தள்ளி நிற்பதுபோல.

அறிமுகமில்லாத மூத்தவர் என்றால் ‘ஐயா’ எல்லாருக்கும் பொருந்தும். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டுப் பெரியவர் என்றால் ‘அண்ணன்’ என்று தொடங்குவதும் பழக்கம்தான். பெண்களைப் பொறுத்தவரை, மூத்தவரை ‘ஆச்சி’ என்பது மரியாதை. ஆனால் உங்கள் வயதுக்காரரை, அதுவும் பல்கலைக்கழகத்தில் பெயர் சொல்லி அழைத்தவரை, இப்போது திடீரென்று ஆச்சி ஆக்க வேண்டாம். நகரத்தார் அல்லாதவர்களுக்குள் அக்கா, மேடம் எது வழக்கமோ அது. பெண் விருது பெற்றால் கடிதத்தைக் கணவர் பெயருக்கு எழுதி ‘உங்கள் வீட்டம்மாவுக்கு வாழ்த்துகள்’ என்று முடிக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். வேலை செய்தவர் அவர். கடிதமும் அவர் பெயருக்கே போக வேண்டும்.

அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் ‘பத்மஸ்ரீ’ போடலாமா? ‘சர்’ போடலாமா?

பத்ம விருதுகள் பட்டங்கள் அல்ல. பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டக் கூடாது என்பது விதி. அரசியல் சாசனத்தின் 18-ஆம் பிரிவு பட்டங்களை ஒழிக்கிறது. பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் அந்தப் பிரிவுக்கு முரணானவை அல்ல, ஆனால் பெயரோடு சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்புச் சொன்னது. மீறினால் விருதையே திரும்பப் பெறவும் வழி உண்டு. அழைப்பிதழ் அடிப்பது நீங்கள், தலைவலி அவருக்கு. பெயரைத் தனியாகப் போட்டு, கீழே ‘இந்த ஆண்டின் பத்மஸ்ரீ விருது பெற்றவர்’ என்று ஒரு வரி அச்சிட்டால் சரியாகிவிடும்.

பிரிட்டிஷ் அரசு தரும் நைட் பட்டத்தில் வேறொரு சிக்கல். பிரிட்டிஷ் மன்னரைத் தங்கள் அரசின் தலைவராகக் கொள்ளாத நாட்டின் குடிமக்களுக்கு அது கௌரவப் பட்டமாகத்தான் தரப்படும். அவர்கள் ‘சர்’ போட்டுக்கொள்வதில்லை. இந்தியக் குடியுரிமையோடு இருப்பவருக்கும் அதே விதி.

ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர்களுக்கு ஒன்று: அங்கே தரும் ‘டிஃபில்’ முனைவர் பட்டம்தான். எம்ஃபில் என்று நினைத்து, டாக்டர் என்று போடாமல் விட்டுவிடாதீர்கள்.

பட்டங்களைப் பற்றிப் பேசும்போது காரைக்குடிக்காரர்களுக்கு அழகப்பர் ஞாபகம் வராமல் இருக்காது. கோட்டையூரில் பிறந்து, லண்டன் மிடில் டெம்பிளில் சட்டம் படித்தவர். ஆங்கிலேயர் தந்த சர் பட்டத்தைச் சுதந்திரத்துக்குப் பிறகு துறந்தார். 1956-ல் பத்ம பூஷண். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். ஊரில் யாரும் அவரைச் சர் என்றோ பத்ம பூஷண் என்றோ சொல்வதில்லை, வள்ளல் அழகப்பர் என்றுதான் சொல்கிறார்கள். விழா மேடையில் எந்த அடைமொழியைப் போடுவது என்று வாக்குவாதம் வந்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நாங்கள் படித்தபோது பல்கலைக்கழகத்துக்கு வேறு பெயர். எதைப் போடுவது?

பட்டச் சான்றிதழில் இருக்கும் பெயரைப் போட்டு, பக்கத்தில் இன்றைய பெயரையும் போடுங்கள்.

நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்தக் குழப்பம் அதிகம், ஏனென்றால் நம் ஆட்கள் போன இடங்களின் வரலாறு அப்படி. மலாயாப் பல்கலைக்கழகம் 1949-ல் சிங்கப்பூரில்தான் தொடங்கியது. 1905-ல் ஆரம்பித்த மருத்துவக் கல்லூரியையும் ராஃபிள்ஸ் கல்லூரியையும் சேர்த்து அதை உருவாக்கினார்கள். 1962-ல் அது இரண்டாகப் பிரிந்தது: கோலாலம்பூரில் இருந்தது மலாயாப் பல்கலைக்கழகம் என்ற பெயரை வைத்துக்கொண்டது, சிங்கப்பூரில் இருந்தது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஆனது. 1980-ல் அது நன்யாங் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் ஆனது. ஆக, 1955-ல் சிங்கப்பூரில் படித்த ஒரு பெரியவரின் சான்றிதழில் ‘மலாயா’ என்று இருக்கும். 1975-ல் படித்தவருடையதில் ‘சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம்’. 1985-ல் படித்தவருடையதில் ‘தேசிய’ வந்திருக்கும். மூன்று பேரும் ஒரே பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர்கள்தான். பெயர் வேறு என்று ஒதுங்காமல் தைரியமாக வாழ்த்தலாம்.

பர்மாவில் படித்த குடும்பங்களுக்கும் இதே கதை. 1920-ல் தொடங்கிய ரங்கூன் பல்கலைக்கழகம்தான் இன்று யாங்கோன் பல்கலைக்கழகம். மான்செஸ்டரில் படித்தவர்கள் கவனிக்க: அங்கே இருந்த இரண்டு நிறுவனங்கள் 2004-ல் ஒன்றாயின, உங்கள் சான்றிதழில் எது என்று பார்த்து எழுதுங்கள்.

அவர் அமெரிக்காவில் இருக்கிறார். பெற்றோர் இங்கே ஊரில் தனியாக இருக்கிறார்கள். அவர்களைப் போய்ப் பார்ப்பது சரியாக இருக்குமா?

சரியாக இருக்குமா என்ன, அதைவிட நல்ல வாழ்த்து கிடையாது. கடிதத்துக்கு முன்னால் இதைச் செய்தாலும் தகும்.

பிள்ளை போனில் ‘ஒரு அவார்டு கொடுத்திருக்காங்க ஆத்தா’ என்று ஒரு வரியோடு முடித்திருப்பார். அது எவ்வளவு பெரியது என்று தன் வாயால் சொல்லிக்கொள்ளக் கூச்சம். உங்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை. அவர்களோடு உட்கார்ந்து மூன்று விஷயம் சொல்லுங்கள். யார் தருகிற விருது, உலகத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கும், உங்கள் மகனோ மகளோ செய்த எந்த வேலைக்காக. அந்த வேலையை நம் வீட்டுப் பொருளை வைத்துச் சொல்லுங்கள்: டார்ச் லைட் பேட்டரி நாளாக ஆகச் செத்துப்போகிறதே, அது ஏன் என்று கண்டுபிடித்திருக்கிறார் என்றால் அப்பத்தாவுக்கும் புரியும். அறிவிப்பைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பக்கத்துக்கு அடித்துக்கொண்டு போங்கள். அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படிப்பார்கள், மடித்துப் பெட்டியில் வைப்பார்கள், வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுவார்கள்.

அப்புறம், நீங்கள் பார்த்த அந்த ஒரு சம்பவத்தையும் சொல்லுங்கள், அவர்களை வருத்தப்படுத்தாத அளவில். பிள்ளை எப்படி இருந்தான், என்ன சமைத்தான், யார் யார் கூட இருந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த வருடங்கள் அவர்களுக்குத் தெரியாத வருடங்கள்.

கிளம்புவதற்கு முன் போன் செய்துவிடுங்கள். பெரிய வீடுகளில் முகப்பில் மணி அடித்தால் நடுவில் இருக்கும் வளவு முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டில் இருப்பவர்களுக்குக் கேட்காது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்திருப்பார்கள். காலை பத்து மணி, அல்லது மாலை ஐந்துக்கு மேல் நல்ல நேரம். பழமும் வெற்றிலை பாக்கும் போதும். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று தெரியாமல் கிலோக் கணக்கில் இனிப்பு வேண்டாம்.

நானும் அதே துறை. எனக்கு அந்த விருது கிடைக்கவில்லை. வாழ்த்த மனசு வரவில்லை.

இரண்டு நாள் விடுங்கள். மனசு அடங்கட்டும். பொய்யாக ஒரு வரியும் எழுத வேண்டாம். ஆனால் எழுதாமலும் விடாதீர்கள்.

உங்களிடம் மற்ற வாழ்த்துக்காரர்கள் யாரிடமும் இல்லாத ஒன்று இருக்கிறது: அந்த வேலை எவ்வளவு கடினம் என்ற அறிவு. அதே பாதையில் நடந்தவர் ‘நான் இந்த இடத்தில் இரண்டு வருடம் மாட்டிக்கொண்டிருந்தேன், நீங்கள் இப்படிச் சுற்றிப் போனீர்கள், எனக்கு அது தோன்றவே இல்லை’ என்று எழுதினால் விருது வாங்கியவர் அதைத்தான் பத்திரப்படுத்துவார். பதக்கம் கொடுத்த குழுவில்கூட அந்த வரியை எழுதக்கூடியவர் ஓரிருவர்தான் இருந்திருப்பார்கள். உங்கள் ஏமாற்றத்தை மறைக்கவும் வேண்டாம், விவரிக்கவும் வேண்டாம். வேலையைப் பற்றி மட்டும் எழுதுங்கள். எழுதி முடிக்கும்போது மனசும் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

ஒருவேளை அந்த வேலையில் உங்கள் பங்கு இருந்து, உங்கள் பெயர் விடுபட்டிருந்தால் அது வேறு விவகாரம். அதை உரிய இடத்தில், ஆதாரத்தோடு, தனியாகக் கேளுங்கள். வாழ்த்துக்குள் பொடி வைத்து எழுதக் கூடாது.

படிக்கும்போது ஒரு மனஸ்தாபம். இருபது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது எழுதினால் தப்பாக நினைப்பாரா?

பெரும்பாலும் நினைக்க மாட்டார். அறை வாடகைக் கணக்கு, கடன் வாங்கிய காமிரா, யாரோ சொன்ன ஒரு சொல் என்று சின்னச் சின்ன விஷயத்தில் நின்றுபோன பேச்சுதான் அநேகம். பழைய கணக்கைக் கடிதத்தில் திறக்காதீர்கள். மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், மன்னித்துவிட்டதாகச் சொல்லவும் வேண்டாம். ‘விருதுச் செய்தி பார்த்தேன். உங்கள் உழைப்பைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் மனப்பூர்வமான சந்தோஷம். நலமாக இருக்க வேண்டும்.’ மூன்று வரி. அவர் பதில் போட்டால் மேலே பேசலாம். போடாவிட்டால் விட்டுவிடுங்கள். மறுபடி எழுதி ஏன் பதில் இல்லை என்று கேட்காதீர்கள்.

ஊரில் பாராட்டு விழா வைக்கலாமா?

அவரைக் கேட்டுவிட்டு வையுங்கள். சிலருக்கு மேடை பிடிக்காது. கட்டாயப்படுத்தினால் ஊருக்கு வருவதையே தவிர்ப்பார்கள்.

சம்மதித்தால், அவர் வருகிற சமயத்தை ஒட்டித் தேதி வையுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு டிசம்பர் கடைசியிலிருந்து பொங்கல் வரை வசதி. திருச்சி, மதுரை விமான நிலையங்கள் இரண்டுமே காரைக்குடியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர்தான். சிங்கப்பூர், கோலாலம்பூர்காரர்களுக்குத் திருச்சிக்கே நேரடி விமானம் இருக்கிறது. பங்குனியில் கம்பன் விழா நாட்களைத் தொடாதீர்கள். 1939-ல் சா. கணேசன் தொடங்கிய விழா, ஊரில் தமிழ் கேட்கிறவர்கள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களிலும் வேண்டாம். பாதி வீடுகளில் பழனி நடைப்பயணத்துக்குப் போயிருப்பார்கள்.

விழா என்றால் இருபது பேர் பேசி, இருபது சால்வை போர்த்தி, விருது வாங்கியவர் பேச எழும்போது சாப்பாட்டு நேரம் ஆகிவிடுகிறது. இது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தரும் விஷயம். கடல் கடந்து போய்ப் பத்து வருடம் படித்த ஒன்றை ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒருவர் வந்து நிற்கிறார், நாம் அவரை மூன்று நிமிடம்கூடப் பேச விடவில்லை என்றால் எப்படி? அவர் பேச்சை முதலில் வையுங்கள். அரை மணி நேரம் கொடுங்கள். அவர் படித்த உள்ளூர்ப் பள்ளியிலிருந்து பிளஸ் டூ பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எந்த உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், ஆங்கிலத் தேர்வுக்கு எப்படித் தயாராவது என்று அவர்கள் கேட்பது எல்லாருக்கும் உபயோகம். உயிரோடு இருக்கும் பள்ளி ஆசிரியர் யாராவது இருந்தால் அவரை மேடையில் உட்கார வையுங்கள்.

உடன் படித்தவர் என்ற முறையில் நீங்கள் ஒருவர் மட்டும் ஐந்து நிமிடம் பேசினால் போதும். பல்கலைக்கழகத்துக்கும் நம் ஊருக்கும் தொடர்பு இருந்தால் அதைச் சொல்லுங்கள். சிகாகோவில் படித்தவர் என்றால், கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களை அவர் மறைவுக்குப் பிறகு அந்தப் பல்கலைக்கழகம்தான் வாங்கி, சென்னையில் 1994-ல் நூலகமாக்கியது என்பதைச் சொல்லலாம். அரங்கில் பாதிப் பேருக்கு அது புதுச் செய்தியாக இருக்கும்.

பிளக்ஸ் வைக்கலாமா?

நான் வேண்டாம் என்பேன். உள்ளாட்சி அனுமதி இல்லாமல் வைப்பது சட்டப்படி தவறு. 2019-ல் சென்னையில் சாலையில் வைத்த பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிரே போனது. அந்தப் பணத்துக்கு அவர் படித்த பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் வாங்கி, உள்ளே அவர் பெயரை எழுதிக் கொடுங்கள்.

என்ன பரிசு கொடுப்பது?

விமானத்தில் கொண்டுபோகக் கூடியதாக இருக்கட்டும். கண்டாங்கிச் சேலை, பனை ஓலையில் பின்னிய கொட்டான் கூடை இரண்டும் கனமில்லாதவை, இரண்டுமே புவிசார் குறியீடு பெற்றவை. ஆத்தங்குடித் தரைக்கல் ஒன்றை மரச்சட்டம் போட்டுக் கொடுத்தால் மேசைமேல் வைத்துக்கொள்வார்கள். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல் அது, அந்தக் கண்ணாடியிலிருந்துதான் பளபளப்பு வருகிறது. இதை ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்து வையுங்கள், பக்கத்து அறைக்காரர் கேட்டால் சொல்ல உதவும். ஒரு கல் போதும். இரண்டாவது கல் பெட்டியின் எடையைத் தின்றுவிடும்.

பலகாரம் என்றால் தேன்குழலும் மாவுருண்டையும் பயணம் தாங்கும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் தின்பண்டம், ஓலைப் பொருள் எல்லாவற்றையும் விமான நிலையத்தில் கட்டாயம் எழுதிக் காட்ட வேண்டும், மறைத்தால் அபராதம். நினைவுக் கேடயம் வேண்டாம் என்பது என் கருத்து. அவரிடம் ஏற்கனவே அலமாரி நிறைய இருக்கும்.

விருது வரப்போகிறது என்று அவரே ரகசியமாகச் சொன்னார். குரூப்பில் போடலாமா?

கூடாது. பல விருதுகளில் அறிவிப்புக்கு முன்பே பெற்றவருக்குத் தெரிவித்து, வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்வார்கள். நம்பிச் சொன்னவரைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள்.

விருது உண்மையானதா என்று சந்தேகமாக இருக்கிறது.

இந்தச் சந்தேகம் இப்போது அடிக்கடி வருகிறது, காரணத்தோடுதான். பதிவுக் கட்டணம், விழா விருந்துக் கட்டணம் என்று பணம் கேட்டுக் கொடுக்கிற ‘சர்வதேச விருது’களும் கௌரவ டாக்டர் பட்டங்களும் நிறைய உலவுகின்றன. கொடுக்கிற அமைப்பின் தளத்தில் தேர்வுக் குழு யார், முந்தைய வருடங்களில் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். பத்ம விருது என்றால் அரசின் பட்டியலிலேயே பெயர் இருக்கும். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிடுகிறது.

சந்தேகம் உறுதியானால் என்ன செய்வது? அவர் தெரியாமல் ஏமாந்திருக்கலாம். நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். நெருங்கியவர் என்றால் தனியாக, பதமாகச் சொல்லுங்கள். நெருக்கம் இல்லையென்றால் விருதை விட்டுவிட்டு அவர் செய்த நல்ல வேலையை மட்டும் பாராட்டி எழுதுங்கள். அதில் பொய் இல்லை.

செய்தி வந்து மாதங்கள் ஆகிவிட்டன. இப்போது எழுதினால் நன்றாக இருக்குமா?

நன்றாகவே இருக்கும். முதல் வாரத்தில் வந்த கடிதங்களை அவர் சரியாகப் படித்திருக்கவே மாட்டார். பல விருதுகளில் அறிவிப்பு ஒரு நாள், வழங்கும் நாள் வேறு. பத்ம விருதுகளைக் குடியரசு தினத்தை ஒட்டி அறிவித்து, பொதுவாக மார்ச், ஏப்ரலில் ராஷ்டிரபதி பவனில் தருகிறார்கள். தாமதத்துக்கு நீளமாகக் காரணம் எழுத வேண்டாம். நேராக விஷயத்துக்கு வாருங்கள்.

போன் செய்வதாக இருந்தால் நேரத்தைப் பாருங்கள். சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கிலாந்து கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் பின்னால்.

பல்கலைக்கழகத்துக்கு நாமே தெரிவிக்கலாமா?

தெரிவிக்கலாம், அவர் சம்மதத்தோடு. எல்லாப் பெரிய பல்கலைக்கழகங்களிலும் முன்னாள் மாணவர் அலுவலகம் உண்டு. இதழிலும் தளத்திலும் போட அவர்களுக்கும் ஆசைதான். ஆனால் நம் பெயர்கள் அவர்களைத் திணற அடிக்கும். நகரத்தார் பெயருக்கு முன்னால் இரண்டு மூன்று விலாச எழுத்துகள் (முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள்) இருக்கும். கடவுச்சீட்டில் அப்பச்சி (அப்பா) பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். பல்கலைக்கழகப் பதிவேட்டில் அப்பச்சி பெயரில்தான் தேட வேண்டியிருக்கும். ஆகவே பட்டச் சான்றிதழில் உள்ளபடி முழுப்பெயர், துறை, பட்டம் வாங்கிய வருடம், விருது அறிவிப்பின் இணைப்பு, நல்ல தரத்தில் ஒரு படம், இவ்வளவையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். அவருடைய ஆய்வு வழிகாட்டி இன்னும் இருந்தால் அவருக்கும் ஒரு வரி எழுதுங்கள். ஓய்வு பெற்ற பேராசிரியர்களுக்குப் பழைய மாணவரின் செய்தி பல சமயம் போய்ச் சேருவதே இல்லை.

விருதுக்குத் தகுதியான ஒருவர் இருக்கிறார், யாரும் கண்டுகொள்ளவில்லை. உடன் படித்தவர் பரிந்துரைக்க முடியுமா?

முடியும், செய்யுங்கள். பத்ம விருதுகளுக்கு யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம், தனக்குத் தானே விண்ணப்பிக்கவும் இடம் உண்டு. எல்லாம் இணையத்தில், ராஷ்டிரிய புரஸ்கார் தளத்தில்தான். அவர் செய்த வேலையை அதிகபட்சம் 800 சொற்களில் எழுத வேண்டும். அரசு ஊழியர்களுக்குப் பத்ம விருது கிடையாது என்றாலும் மருத்துவர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் விலக்கு உண்டு, ஆகவே காரைக்குடி ஆராய்ச்சி நிலையத்தில் பணியில் இருப்பவரையும் பரிந்துரைக்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களுக்கும் தடை இல்லை.

அந்த 800 சொற்களில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘அயராத உழைப்பாளி, பண்பாளர்’ என்று நிரப்பினால் படிக்கிறவருக்கு ஒன்றும் பிடிபடாது. எந்த வருடம், எங்கே, என்ன செய்தார், அதனால் யாருக்கு என்ன மாறியது என்று எழுதுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் முன்னாள் மாணவர் விருதுகளுக்கும் இதே முறைதான். கடைசித் தேதி வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் அந்தந்தத் தளத்தில் பார்த்துவிட்டு, குறைந்தது இரண்டு மாதம் முன்பே அவரிடமிருந்து தேதிகளையும் சான்றுகளையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.